கயிறு இழுத்த கையும் காயில் கட்டும் கையும் - ஒரு பழைய சீலிங் ஃபேனின் கதை

கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதா?

வீட்டில் இருக்கும் டி.வி. எந்தக் கம்பெனி, ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர், செல்போன் என்ன மாடல் என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். ஆனால் அந்த ஃபேன் எந்த வருஷம் வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள், பலரும் விழிப்பார்கள். கரண்ட் போகும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே நினைவுக்கு வரும்!

கணக்குப் பதிவியல் படிப்பவர்களுக்கு 'தேய்மானம்' என்ற வார்த்தை அத்துப்படி. எந்த இயந்திரத்துக்கும் ஓர் ஆயுள் போட்டு, வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பூஜ்யமாக்கிவிடுவார்கள். சீலிங் ஃபேன் அந்தக் கணக்குக்கு அடங்காத பொருள். புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமான பிறகும் இன்னும் முப்பது, நாற்பது வருஷம் சுற்றும். கழற்றி, எண்ணெய் விட்டு, கண்டன்சர் மாற்றினால் மறுபடி சுற்றும். அப்படி ஒரு பழைய ஃபேனைக் கழற்றினால் உள்ளே நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. காற்றுக்காக யார் உழைத்தார்கள் என்பதுதான் அந்தச் சரித்திரம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்

மின்சாரத்துக்கு முன்பு இந்தியாவில் இருந்தது பங்கா. கூரையிலிருந்து தொங்கும் நீளமான மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய துணி. சட்டத்தில் ஒரு கயிறு. அந்தக் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவின் ஆங்கிலேயர் வீடுகளில் பரவிய பழக்கம் இது. பிறகு கோர்ட், கச்சேரி, சர்ச், ராணுவக் குடியிருப்பு என்று எங்கும் போனது.

உள்ளே இருப்பவருக்குக் காற்று தெரியும், இழுப்பவர் தெரியமாட்டார். இரவிலும் இந்த வேலை உண்டு. கை ஓய்ந்துபோனால் படுத்துக்கொண்டு, கயிற்றைக் காலில் கட்டி ஆட்டுவார்கள். கண் அயர்ந்தால் பங்கா நின்றுவிடும். உள்ளே தூங்குபவர் வியர்த்து விழித்துக்கொள்வார். அப்புறம் திட்டு, சில சமயம் உதை.

உதை என்பது சும்மா சொல்வதல்ல. வெள்ளைக்காரர்கள் அடித்து வேலைக்காரர்கள் இறந்த வழக்குகள் அந்தக் காலக் கோர்ட்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தன. பங்கா இழுப்பவர்களும் அப்படிச் செத்திருக்கிறார்கள். அங்கே வழக்கமாக வைக்கப்பட்ட ஒரு வாதம் விசித்திரமானது. "மலேரியாவால் இவர் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, லேசான அடியிலேயே கிழிந்துவிட்டது, அடித்தவர் கொல்ல நினைக்கவில்லை" என்பார்கள். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் தன் குதிரைக்காரர் கட்வாருவை அடித்து அவர் இறந்துபோனார். ஃபுல்லருக்குக் கிடைத்த தண்டனை 30 ரூபாய் அபராதம். 1876ல் வைஸ்ராய் லிட்டன் பிரபுவே இந்தத் தீர்ப்பைக் கண்டிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஈ.எம்.ஃபார்ஸ்டர் 1924ல் எழுதிய 'எ பாஸேஜ் டு இந்தியா' நாவலில் வரும் கோர்ட் காட்சியிலும் ஒரு பங்கா இழுப்பவர் உண்டு. கதையே அந்த வழக்கில்தான் திரும்புகிறது. அவரோ என்ன நடக்கிறதென்றே தெரியாமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சீலிங் ஃபேன் வந்து உட்கார்ந்த இடம் இந்த மனிதரின் இடம். இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

தையல் மெஷினிலிருந்து பிறந்த ஃபேன்

இதே காலத்தில் அமெரிக்காவில் கூரை விசிறி வேறு வழியில் வந்தது. 1860, 70களிலேயே அங்கே சில கடைகளிலும் உணவகங்களிலும் கூரை விசிறிகள் இருந்தன. ஓடும் தண்ணீரால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதிலிருந்து பெல்ட் போட்டு வரிசையாகப் பல விசிறிகளைச் சுற்ற வைத்தார்கள். நம் ஊர் ரைஸ் மில்லில் ஒரே மோட்டாரிலிருந்து நாலைந்து பெல்ட் ஓடுமே, அதே மாதிரிதான்.

ஒவ்வொரு விசிறிக்கும் தனி மோட்டார் என்ற யோசனையைச் செய்துகாட்டியவர் ஃபிலிப் டீல். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில் வேலை. தையல் மெஷினுக்காகத் தான் வடிவமைத்த மின் மோட்டாரையே கூரையில் தொங்கவிட்டு றெக்கை மாட்டினார். 1889ல் காப்புரிமையும் வாங்கினார்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1888ல், நிகோலா டெஸ்லா இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சுற்றும் பாகத்துக்குக் கம்பி வழியாகக் கரண்ட் கொடுக்கவே தேவையில்லாத மோட்டார் அது. இன்று நம் வீடுகளில் ஓடும் சாதாரண சீலிங் ஃபேன் எல்லாம் அந்த வம்சம். ஆனால் இந்தியாவுக்கு முதலில் வந்தது டெஸ்லா வம்சம் அல்ல.

கல்கத்தா, 1899

1897ல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வழங்க உரிமம் கொடுக்கப்பட்டது. 1899 ஏப்ரலில் பிரின்செப் தெரு அருகே இமாம்பாக் சந்தில் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1902ல் குதிரை இழுத்த டிராம் மின்சார டிராமாக மாறியது. (டிராம் விஷயத்தில் மட்டும் சென்னை முந்திக்கொண்டது. இங்கே 1895லேயே மின்சார டிராம் வந்துவிட்டது!)

மின்சாரம் என்றதும் நமக்கு பல்புதான் ஞாபகம் வரும். கல்கத்தா பணக்காரர்களுக்கு பல்பைவிடப் பெரிய வரம் ஃபேன். விளக்குக்கு எண்ணெய், கேஸ் என்று ஏற்கெனவே மாற்று இருந்தது. காற்றுக்கு மனிதனை விட்டால் வேறு வழி இல்லை. ஃபேன் தூங்காது, களைக்காது, சம்பளம் கேட்காது. முதலாளி பாஷையில் சொன்னால், மாதா மாதம் கூலியாகப் போன பணம் ஒரே தடவை முதலீடாக மாறியது. மிலானில் செய்த மரேல்லி ஃபேன், இங்கிலாந்தில் செய்த ஜி.இ.சி. ஃபேன் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின.

பங்கா ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. கம்பி போகாத ஊர்களில் கயிறு நெடுங்காலம் ஆடியது. தமிழ்நாட்டில் 1932ல் பைகாரா, 1937ல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்த பிறகுதான் நகரங்களைத் தாண்டி மின்சாரம் பரவலாயிற்று.

பழைய டி.சி. ஃபேனைத் திறந்தால்...

கல்கத்தாவில் அன்று கொடுத்தது நேர்மின்சாரம், அதாவது டி.சி. அதனால் அந்தக் காலத்து ஃபேன்களுக்கு உள்ளே இன்றைய ஃபேனில் இல்லாத இரண்டு சமாச்சாரங்கள் இருக்கும். ஒன்று, செம்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர். இன்னொன்று, அதன் மேல் உரசிக்கொண்டே இருக்கும் கார்பன் பிரஷ். சுற்றும் காயிலுக்குக் கரண்ட் போகும் வழி அது. உரச உரச பிரஷ் தேயும், கரித்தூள் படியும், தீப்பொறி பறக்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் ஏறித் துடைத்து, பிரஷ் மாற்றியாக வேண்டும். கயிறு இழுத்தவர் போனார், ஏணி தூக்கிக்கொண்டு இன்னொருவர் வந்தார்!

பழைய பங்களா இடிக்கும் இடத்தில் இப்படி ஒரு ஃபேன் கிடைத்தால் பலர் ஆசையாக வாங்கிவந்து நேராக பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். தப்பு. இன்று வீட்டுக்கு வருவது ஏ.சி. எனப்படும் மாறுதிசை மின்சாரம். டி.சி.க்கென்று செய்த ஃபேன் அதில் உறுமும், சூடாகும், ஒழுங்காகச் சுற்றாது. பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்றைப் போட்டு டி.சி.யாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபையர் மட்டும் போட்டு மாற்றினால் சராசரியாக 207 வோல்ட் கிடைக்கும். 220 வோல்ட் ஃபேனுக்கு அது தாங்கும். 'இன்னும் சீராக இருக்கட்டும்' என்று ஒரு ஃபில்டர் கண்டன்சரையும் சேர்த்துவிட்டால் வோல்டேஜ் 325 வரை ஏறிவிடும், காயில் கருகிவிடும். இது தனியாக உட்கார்ந்து செய்து பார்க்கிற வேலை இல்லை. விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊர் ஃபேன்

இறக்குமதியான ஃபேன் உள்ளூர் ஃபேனாக மாறிய கதையிலும் கல்கத்தாதான் முன்னால் நிற்கிறது. அங்கே 1930களில் தையல் மெஷின் செய்யத் தொடங்கிய ஜே இன்ஜினியரிங் கம்பெனி பிறகு ஃபேனும் செய்தது. அதுதான் உஷா. அமெரிக்காவில் நடந்தது போலவே இங்கேயும் தையல் மெஷின் பட்டறையிலிருந்து ஃபேன் வந்தது பாருங்கள்! இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே வகைக் கைத்திறன். சிறிய இரும்பு வார்ப்பு, துல்லியமான கடைசல், சத்தமில்லாத சுழற்சி. ஓரியண்ட் 1954ல் வந்தது. பம்பாயில் 1937ல் தொடங்கிய கிராம்ப்டன் பார்க்கின்சன் பிற்பாடு கிராம்ப்டன் கிரீவ்ஸ் ஆனது.

இந்தத் தலைமுறை ஃபேன்தான் இன்று பெரும்பாலும் பழுதுபார்க்கக் கிடைப்பது. கனத்த இரும்பு உடம்பு, தடித்த றெக்கை, உள்ளே நிறையச் செம்பு. திறந்தால் ஒரு வேடிக்கை. சாதாரண மோட்டாரில் நடுவில் இருப்பது சுற்றும், வெளிக்கூடு சும்மா இருக்கும். சீலிங் ஃபேனில் தலைகீழ்! நடுவில் இருக்கும் காயில் அசையாது. வெளிக்கூடு றெக்கைகளோடு சேர்ந்து சுற்றும். காயில் அசையாததால் கார்பன் பிரஷ் தேவையில்லை. டெஸ்லா செய்த உபகாரம் இது.

அந்தக் காயிலில் இரண்டு சுற்று உண்டு, ரன்னிங் ஒன்று, ஸ்டார்ட்டிங் ஒன்று. ஸ்டார்ட்டிங் சுற்றோடு சேர்ந்திருக்கும் சின்னப் பொருள்தான் கண்டன்சர். இரண்டு சுற்றுக்கும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல் ஒன்றை முன்னால் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்த இடைவெளியில்தான் காந்தப்புலம் சுழன்று ஃபேனைத் தள்ளுகிறது. கண்டன்சர் வலுவிழந்தால் ஃபேன் மெதுவாகும். செத்தே போனால் குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். (எத்தனை ஹாஸ்டல் அறைகளில் இதற்கென்றே ஒரு குச்சி இருக்கிறது!) பெரும்பாலான வீட்டு ஃபேன்களுக்கு 2.25 அல்லது 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். வேகமாகச் சுற்றட்டும் என்று பெரிசாகப் போட்டால் காயில் சூடேறும்.

புதுப்பிப்பவர்கள் கைக்கொள்ளும் முறை

பழைய ஃபேனை வீட்டில் சீர்செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் போகிறார்கள்.

முதலில் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுவது. ஸ்விட்ச் மட்டும் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரல் கம்பியில் இருக்கவும் வாய்ப்புண்டு. கழற்றும்போது ஒவ்வொரு றெக்கைக்கும் அது இருந்த இடத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவைப்பார்கள். ஒரு ஃபேனின் மூன்று றெக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த கூட்டணி, வேறு ஃபேனின் றெக்கை அதில் சேராது.

அடுத்து பேரிங். மிகப் பழைய ஃபேன்களில் புஷ்ஷும் எண்ணெய்க் கிண்ணமும் இருக்கும். அமெரிக்காவில் 1886ல் தொடங்கிய ஹன்டர் கம்பெனியின் புகழ்பெற்ற ஃபேன்களும் எண்ணெயில் மூழ்கிச் சுற்றுபவைதான். இவற்றில் பழைய எண்ணெயைச் சுத்தமாக வடித்துவிட்டு மெஷின் ஆயில் விட வேண்டும். சமையலறைத் தேங்காய் எண்ணெய் கூடாது, நாளாக ஆகப் பிசினாகிவிடும். பிந்தைய ஃபேன்களில் பால் பேரிங். அநேகமாக 6202 என்ற எண். எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும். கையில் சுற்றிப் பார்த்து 'கரகர' என்றால் மாற்ற வேண்டியதுதான்.

காயில் எரியாமல் இருந்தால் பாதி வெற்றி. கருகியிருந்தால் வைண்டிங் கடை. நல்ல வைண்டர் எரிந்த காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் ஒரு குழியில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு போனால் ஃபேனின் குணமே போய்விடும். இரண்டு கம்பியை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சுற்றும், ஆனால் கீழே காற்று வராது!

பழைய பெயின்டைச் சுரண்டும்போது தூசி மூக்கில் ஏறாமல் ஈரமாகத் தேய்ப்பது நல்லது. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம்.

மாட்டும்போது மூன்று விஷயங்களைப் புதிதாகப் போட வேண்டும். தொங்கும் போல்ட், அதன் காட்டர் பின், கொக்கியில் மாட்டும் ரப்பர் புஷ். பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் தலைக்கு மேல் சுற்றப்போகிறது, இதில் சிக்கனம் வேண்டாம். பழைய ஃபேனுக்குப் பெரும்பாலும் எர்த் கம்பி கிடையாது. அதையும் சேர்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஆட்டம். ஓடும்போது ஃபேன் குலுங்கினால் முதலில் ஸ்க்ரூக்களை முடுக்கி, பிறகு ஒவ்வொரு றெக்கை நுனிக்கும் கூரைக்கும் இடையே ஒரே இடத்தில் வைத்து டேப்பால் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடக்குறைய இருந்தால் அதன் பட்டையை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். அப்படியும் ஆடினால் எடைக் கோளாறு. ஒரு வாஷரை ஒவ்வொரு றெக்கையின் மேல்பக்கமாக டேப் போட்டு ஒட்டிப் பார்த்தால் எதில் ஆட்டம் நிற்கிறது என்று பிடிபடும். செலவு இல்லாத வேலை, ஆனால் பொறுமை வேண்டும்.

ரெகுலேட்டர் பெட்டி சொல்லும் கணக்கு

பழைய ஃபேனோடு ஒரு கனத்த ரெகுலேட்டர் பெட்டியும் கிடைக்கும். உள்ளே கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தின் பெரும் பங்கு அந்தச் சுருளில் சூடாகிப் போகும். ஒன்றாம் நம்பரில் வைத்தால் மின் கட்டணம் பாதியாகும் என்று நம்பிய வீடுகள் ஏராளம். அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்திருந்தால் பணம் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும். புதுப்பிக்கும்போது இதை மட்டும் காட்சிப் பொருளாக வைத்துவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுவது புத்திசாலித்தனம்.

குப்பையா, சொத்தா?

அமெரிக்காவில் ஏர் கண்டிஷனர் பரவியதும் சீலிங் ஃபேனைக் கழற்றி மூலையில் போட்டார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து மின்சார விலை ஏறியதும் மறுபடி தேடினார்கள். இன்று அங்கே பழைய ஃபேன் சேகரிப்பவர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. நம் ஊரில் ஃபேன் என்றுமே அருங்காட்சியகப் பொருளாகவில்லை. ஆகவே இங்கே புதுப்பித்தல் என்பது தெருமுனை வைண்டிங் கடையில் தினமும் நடக்கும் தொழில், யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொழிலுக்குத்தான் இப்போது சோதனை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு இந்தியாவில் கட்டாயம். பி.எல்.டி.சி. என்ற புதுவகை ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடுகிறது. பழைய வகைக்கு 75 வாட் வேண்டும். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 197 யூனிட் வித்தியாசம், ஒரே ஃபேனுக்கு! இதை மறுத்துப் பேச முடியாது. நாள் முழுக்க ஓடும் கூடத்துக்குப் புது ஃபேன்தான் சரி. எப்போதாவது போடும் அறைக்கு, தாத்தா காலத்து ஃபேனைப் புதுப்பித்து மாட்டுவதில் நஷ்டம் பெரிதாக இல்லை.

ஆனால் மின்கட்டணக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. பழைய ஃபேன் கெட்டால் பேரிங், கண்டன்சர், காயில், மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் தெருவில் ஆள் உண்டு. புது ஃபேன் கெட்டால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. அதே போர்டு வந்தால்தான் வேலை நடக்கும், அதுவும் அந்தக் கம்பெனி அந்த மாடலைச் செய்துகொண்டிருக்கும் வரைதான். முப்பது வருஷம் கழித்து அதை யார் திறந்து பார்ப்பார்கள்? மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஃபேன் வேண்டும், அதைத் தெருமுனையில் பழுதுபார்க்கவும் முடிய வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை அல்ல. உதிரி பாகங்கள் இத்தனை வருஷம் கிடைக்கும் என்று நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

பங்கா இழுத்தவர்கள் வேலையிழந்து எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கு எழுதிவைக்கவில்லை. அடிபட்டுச் செத்து வழக்கானால்தான் அவர்களில் ஒருவர் பெயர் ஏட்டில் ஏறியது. அந்த வேலை போனதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை, போக வேண்டிய வேலைதான் அது. வைண்டிங் கடைக்காரர் வேலை அப்படிப்பட்டதல்ல. அது கற்றுத் தேர்ந்த தொழில், கௌரவமான தொழில்.

உங்கள் வீட்டு ஃபேன் அடுத்த தடவை 'கடக் கடக்' என்றால் உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தெருமுனைக் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், "அண்ணே, இதைச் சரிபண்ண முடியுமா?" என்று. முடிந்தால் அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் எத்தனை வருஷத்து ஃபேன் ஓடுகிறது? தெரிந்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.